நம்ம குழுமத்து ஆட்களுக்கு ஒரு பேரு வைக்கணும், எல்லாரும் வந்து சொல்லுங்க

மேலரதவீதி (மட்டுறுத்துநர்)
ஞாயிறு, காலை 7.20

எல்லாருக்கும் வணக்கம். நம்ம குழுமத்துக்கு இது ஆறாவது வருசம். திருநெல்வேலி வட்டாரச் சொல்லு சேக்கணும்னு ஆரம்பிச்சோம். இப்போ ஆத்துல எவ்வளவு தண்ணி போகுது, எந்த ஆஸ்பத்திரியில ஆருக்கு ரத்தம் வேணும், எந்த ரயிலு லேட்டுன்னு எல்லாமே இங்கதான் ஓடுது. ஆனா நம்மள நாமளே கூப்பிட ஒரு பேரு இல்ல.

ஒவ்வொரு அறிவிப்புலயும் "உறுப்பினர்கள் கவனத்திற்கு"ன்னு எழுதுதேன். எழுதும்போதெல்லாம் கூட்டுறவுச் சங்கத்து வாசல்ல நகை ஏல நோட்டீசு ஒட்டுத மாதிரி மனசுக்கு ஒட்டவே மாட்டேங்குது. விக்கிப்பீடியாவுல எழுதுதவங்க தங்களை "விக்கிப்பீடியர்"னு சொல்லிக்கிடுதாங்க. வலைப்பூ எழுதினவங்க எல்லாம் "பதிவர்" ஆனாங்க. முகம் தெரியாத நூறு பேரு ஒரு பேருக்குக் கீழ நின்னா, அதுக்குப் பெறவு ஒருத்தருக்கொருத்தர் பேசுத விதமே மாறிப்போவுது.

தை மாசம் பாபநாசத்துல நேர்ல கூடுதோம்லா, அதுக்குத் துணிப்பை அடிக்கணும். பையில அந்தப் பேரைப் போடலாம்னு இருக்கேன். எனக்கு ரெண்டே விசயம்தான் முக்கியம். சொன்ன உடனே நம்மூரு வாடை அடிக்கணும். நம்ம கூட்டத்துல ஒருத்தரு கூட "இதுல நான் இல்லையே"ன்னு ஒதுங்கி நிக்கக் கூடாது. அடுத்த ஞாயித்துக்கிழமை வரைக்கும் நேரம் இருக்கு.


கருப்பந்துறை
ஞாயிறு, காலை 7.41

இதுல யோசிக்க என்ன இருக்கு அண்ணாச்சி? நெல்லையர். அஞ்சே எழுத்து, சுத்தமான தமிழு. நெல்லுக்கு வேலி போட்டு மழையிலருந்து காப்பாத்துன சாமி பேருல இருந்து வந்த ஊருக்கு அதைவிட நல்ல பேரு கிடைக்காது.


திருச்செந்தூர் பாசஞ்சர்
ஞாயிறு, காலை 9.05

நெல்லையர்னா நான் யாரு? எங்க ஊரு ஆழ்வார்திருநகரி. எங்க தாத்தா வீட்டுப் பத்திரத்துல "திருநெல்வேலி ஜில்லா, ஸ்ரீவைகுண்டம் தாலுகா"ன்னுதான் இருக்கு. 1986 அக்டோபர் 20-ல தூத்துக்குடி தனி மாவட்டம் ஆச்சு. அன்னிக்கு ராத்திரி படுத்து மறுநாள் எந்திரிச்சப்போ எங்க அப்பா வேற மாவட்டத்துக்காரரு. பேச்சு மாறல, ஆறு மாறல, சாப்பாடு மாறல. விண்ணப்பத்துல நிரப்புத கட்டம் மட்டும் மாறிச்சு. அதனால மாவட்டப் பேரைத் தொடுத எந்தப் பேரும் வேண்டாம்னு கேட்டுக்கிடுதேன்.


கடையத்துப் பேத்தி
ஞாயிறு, காலை 9.30

நாங்களும் அதே கதைதான். 2019 நவம்பர் 22-லருந்து நாங்க தென்காசி மாவட்டம். கலெக்டர் ஆபீசு பக்கத்துல வந்தது நல்லதுதான், அதுல எனக்குக் குறை இல்ல. ஆனா எங்க ஆச்சி இப்பவும் "தின்னவேலிக்குப் போயிட்டு வாரேன்"னு சொன்னா அது டவுனு மட்டும் இல்ல, பெரிய ஆஸ்பத்திரி, ஜவுளிக்கடை, கோர்ட்டு எல்லாம் சேந்தது.


ஆடித்தபசு
ஞாயிறு, பகல் 11.15

அப்போ அதையே வைங்களேன், தின்னவேலிக்காரங்க. எழுதுத திருநெல்வேலிக்கு எல்லை உண்டு, வாயில வார தின்னவேலிக்கு எல்லை கிடையாது. சங்கரன்கோவில்ல இருக்க எங்களையும் மெட்ராஸ்ல "தின்னவேலிக்காரன்"னுதான் சொன்னாங்க, ஒருத்தனும் தாலுகா கேக்கல.


பேட்டைப் பொண்ணு
ஞாயிறு, மாலை 4.50

நான் லிவர்பூல்ல நர்ஸா இருக்கேன். ஆடித்தபசு அண்ணன் சொன்ன தின்னவேலியைத்தான் வெள்ளைக்காரன் "டின்னவெல்லி" ஆக்கிட்டான். இன்னொரு சங்கதி சொல்லுதேன். இங்க மலச்சிக்கலுக்குக் குடுக்குத மாத்திரை சென்னாங்கிற செடியில செய்தது, அதுதான் நம்ம நெலவாகை. அதுல ஒரு வகைக்கு மருந்து நூல்ல பேரே டின்னவெல்லி சென்னா. படிக்க வந்த புதுசுல பாடப் புத்தகத்துல அந்த வரியைப் பாத்துட்டு அப்பிடியே உக்காந்துட்டேன். பக்கத்துல இருந்த பிள்ளை என்னாச்சுன்னு கேட்டா. எங்க ஊருன்னு விரல் வச்சுக் காட்டினேன்.

பேரு விசயத்துக்கு வாரேன். லிவர்பூல்காரங்களை ஸ்கவுசர்னு சொல்லுவாங்க. ஸ்கவுஸ்ங்கிறது கறியும் உருளைக்கிழங்கும் போட்டு வேகவைக்குத ஒரு குழம்பு. கப்பல்காரங்க சாப்பாடு. அந்தக் குழம்புப் பேரே ஊரு ஜனத்துக்குப் பேராயிட்டு, அவங்க அதைப் பெருமையா சொல்லுதாங்க. நமக்கு அல்வா இல்லையா? கோதும்பைப் பாலெடுத்து, நெய்யும் சீனியும் விட்டுக் கிண்டி, கை வலிக்க வலிக்கக் கிளறி எடுக்குத அல்வா. அல்வாவை வச்சு ஏதாவது பேரு செய்யலாமே.


கருப்பந்துறை
ஞாயிறு, மாலை 5.22

அக்கா, அல்வா நம்ம பெருமைதான். ராஜஸ்தான் பக்கமிருந்து வந்த சிங் குடும்பங்க இந்த ஆத்துத் தண்ணியில கிண்டி, நம்ம ஊரு சாமானா ஆக்கிட்டாங்க. சாயங்காலம் நெல்லையப்பர் கோயில் வாசலுக்கு எதுத்தாப்ல நிக்குத கூட்டத்தைப் பாத்தாலே தெரியும். ஆனா தமிழ்நாடு பூரா "அல்வா கொடுத்துட்டான்"னா ஏமாத்திட்டான்னு அர்த்தம். "நாங்க அல்வாக்காரங்க"ன்னு சொல்லி ஒருத்தருகிட்ட ரத்ததானத்துக்கு ஆளு கேக்க முடியுமா?


பேட்டைப் பொண்ணு
ஞாயிறு, மாலை 5.40

அது நான் யோசிக்கல. விட்டுருங்க.


ஈரடுக்குப் பாலம்
ஞாயிறு, இரவு 9.10

அருவாப் படைன்னு வைக்கலாம்ணே. கெத்தா இருக்கும். சினிமாவுல நம்மூருன்னாலே அதானே.


மேலரதவீதி (மட்டுறுத்துநர்)
ஞாயிறு, இரவு 9.48

தம்பி, நீ வயசுல சின்னவன். கோவிச்சுக்கிடாம கேளு. நான் வெளியூர்ல காலேஜ்ல சேந்த முதல் நாள், விடுதியில எங்க பெட்டியைத் திறந்து பாத்தவரு "தின்னவேலியா, அருவா எங்க?"ன்னு கேட்டாரு. சுத்தி நின்ன அம்பது பேரும் சிரிச்சாங்க. பெட்டியில எங்க அம்மை குடுத்துவிட்ட பருப்புப்பொடியும், முறுக்கும், ரெண்டு சட்டையும் இருந்துச்சு. நாலு வருசம் என்னை அருவான்னுதான் கூப்பிட்டாங்க.

சினிமாவுக்கு அது வேசம். நம்ம ஊர்ல அந்த அருவாளால பிள்ளையைப் பறிகொடுத்த வீடு இருக்கு. அந்த வீட்டுக்காரங்களும் இந்தக் குழுமத்துல இருக்காங்க. அவங்க தோள்ல தொங்குத பையில அந்தப் பேரு வரக் கூடாது.


ஈரடுக்குப் பாலம்
ஞாயிறு, இரவு 10.02

மன்னிச்சிருங்கண்ணே. எடுத்துடுங்க அந்தப் பதிவை.


மேலரதவீதி (மட்டுறுத்துநர்)
ஞாயிறு, இரவு 10.05

எடுக்க வேண்டாம், கெடக்கட்டும். நீ கேட்டதனாலதான் நானும் சொன்னேன்.


பழைய வாத்தியார்
திங்கள், காலை 6.15

நாற்பதாண்டு பாளையங்கோட்டையில் தமிழ் நடத்தியவன் என்ற முறையில் இரண்டு வார்த்தை. பாளையங்கோட்டைக்குத் தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்று பேர் உண்டு. பள்ளிகளுக்காகக் கிடைத்த புகழ், மகிழ்ச்சிதான். ஆனால் பாளையங்கோட்டைக்காரர் ஒருவரும் இன்னொருவரை "வாரும் ஆக்ஸ்போர்டே" என்று அழைத்ததில்லை. பார்க்க வந்தவர்கள் வைத்த பேர் பலகையில் நிற்கும், நாக்கில் நிற்காது.

மாறாக ரசிகமணி டி.கே.சி. வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வண்ணாரப்பேட்டையில் அவர் வீட்டின் வட்டமான தொட்டிக்கட்டில் நண்பர்கள் கூடி, ஒரு கம்பன் பாட்டை மணிக்கணக்கில் சுவைப்பார்கள். உட்கார்ந்த இடம் வட்டத்தொட்டி, கூட்டத்தின் பேரும் வட்டத்தொட்டி. யாரும் கூட்டம் போட்டு வைத்த பேர் அல்ல. அதனால்தான் அவர் 1954-இல் மறைந்து இத்தனை காலமான பின்னும் அந்தப் பேர் நிற்கிறது.

என் பரிந்துரை பொருநையர். பொருநை என்பது தாமிரபரணியின் பழம்பேர். மாவட்டம் மூன்றானாலும் ஆறு ஒன்று. பொதிகையில் பிறந்து புன்னக்காயலில் கடல் சேரும் வரை எட்டு அணைக்கட்டு, அத்தனை கால்வாய், அத்தனை ஊர். சிவகளை அகழாய்வில் முதுமக்கள் தாழிக்குள் கிடைத்த நெல்லின் காலம் கி.மு. 1155 என்று 2021-இல் அறிவித்தார்களே, அன்றைக்கு முதல்வர் சட்டமன்றத்தில் சொன்ன பேரும் பொருநைதான்.


திருச்செந்தூர் பாசஞ்சர்
திங்கள், காலை 7.30

வழிமொழிகிறேன் ஐயா. சிவகளை எங்க பக்கத்து ஊரு.


உவரிக்காத்து
திங்கள், பகல் 1.20

சார், நீங்க பெரியவங்க, மரியாதையோட சொல்லுதேன். அந்த எட்டு அணைக்கட்டுல ஒரு அணைக்கட்டுத் தண்ணியும் எங்க ஊருக்கு வயல் பாய வரல. ராதாபுரம், திசையன்விளை, உவரி இதெல்லாம் தேரிங்கிற செம்மணலும் கடலும். எங்களுக்கு ஆறுன்னா நம்பியாறு. அதுலயும் வருசத்துல பாதி நாளு மணல்தான் ஓடும். வெள்ளாங்குழியிலருந்து தேரி வரைக்கும் எழுவத்தஞ்சு கிலோமீட்டர் வெள்ளநீர்க் கால்வாய் வெட்டுனதே, இந்த ஆத்து வெள்ளம் எங்க பக்கமும் எட்டிப் பாக்கட்டும்னுதான். பொருநையர்னு எழுதின பையை நான் தோள்ல போட்டா எங்க அம்மை "இது யாரு பையி?"ன்னு கேப்பா.

இன்னொண்ணும் சொல்லிருதேன், ஏன்னா அடுத்து அதுதான் வரும். அண்ணாச்சி வேண்டாம், வேய்னு முடியுத எதுவும் வேண்டாம். நீங்க ஒருத்தருக்கொருத்தர் "என்ன வே", "வாரும் வே"ன்னு பேசுதது எனக்குப் பிடிக்கும், காதுக்கு நல்லாத்தான் இருக்கு. ஆனா என்னை ஆயுசுல ஒருத்தரும் "வே"ன்னு கூப்பிட்டது இல்ல. பொம்பளைங்க எங்களுக்கு "ஏளா"தான். இந்தக் குழுமத்துல பாதிப்பேரு நாங்க இருக்கோம்.


பழைய வாத்தியார்
திங்கள், மாலை 6.40

அம்மா, நீங்கள் சொன்னது முழுக்கச் சரி. ஆற்றங்கரையில் இருப்பவனுக்கு ஊரெல்லாம் ஆறாகத் தெரியும். நான் பொருநையைத் திரும்பப் பெறுகிறேன்.


கடையத்துப் பேத்தி
திங்கள், இரவு 8.30

வட்டத்தொட்டின்னு ஐயா சொன்னதும் எனக்குப் பொறி தட்டிச்சு. உக்காருத இடத்துப் பேருன்னா நமக்கு வளவு இருக்கே! வளவுக்காரங்க.

வெளியூர்ல வளந்த பிள்ளைகளுக்காகச் சொல்லுதேன். ஒரே ஒரு பெரிய வாசல். உள்ள போனா நடுவுல நீளமா ஒரு முடுக்கு, ரெண்டு பக்கமும் நாலு நாலு வீடு. கடைசியில பொதுக் கிணறு, துவைக்கக் கல்லு, ஒரு முருங்கை. எங்க வளவுல காலையில அஞ்சரைக்கு முதல் வாளி கிணத்துக்குள்ள விழுத சத்தம் கேட்டா அது மூணாவது வீட்டுப் பெரியம்மைன்னு எல்லாருக்கும் தெரியும். ஒரு வீட்டுல குழம்பு கொதிச்சா எட்டு வீட்டுக்கும் தெரியும் இன்னிக்குச் சொதியா புளிக்குழம்பான்னு. பரீச்சைக்கு நான் படிச்சது எங்க வீட்டுல இல்ல, எதுத்த வீட்டு தார்சாவுல, ஏன்னா அங்கதான் டியூப் லைட்டு. ராத்திரி வாசக்கதவைச் சாத்தும்போது கடைசி ஆளு "எல்லாரும் வந்தாச்சா?"ன்னு ஒரு குரல் குடுப்பாரு.

நம்ம குழுமமும் அதுதானே? ஒரே வாசல், தனித்தனி வீடு, பொதுக் கிணறு.


ஆடித்தபசு
திங்கள், இரவு 8.52

அருமை தாயி. இதுக்கு மேல பேச ஒண்ணும் இல்ல. என் ஓட்டு வளவுக்காரங்களுக்கு.


பேட்டைப் பொண்ணு
திங்கள், இரவு 9.15

"எல்லாரும் வந்தாச்சா"ன்னு படிச்சதும் அழுதுட்டேன். வளவுக்காரங்க.


லைன்வீட்டுக்காரன்
செவ்வாய், காலை 5.50

மூணு வருசமா இங்க படிச்சுக்கிட்டு மட்டும்தான் இருக்கேன். இன்னிக்குத்தான் முதல் பதிவு.

பேத்தி அக்கா எழுதினது நல்லா இருந்துச்சு. நிஜமாவே நல்லா இருந்துச்சு. அதனாலதான் இதைச் சொல்லணும்னு ராத்திரி பூரா யோசிச்சேன். அந்த மாதிரி வளவுக்கு எங்க ஆத்தா வெளுத்த துணி கொண்டுபோவா. பெரிய வாசல் வரைக்கும்தான். வாசப்படிக்கு வெளிய மூட்டையை இறக்கிவச்சுட்டு, உள்ள பாத்துக் குரல் குடுப்பா. உள்ள இருந்து ஆளு வந்து எண்ணி எடுத்துக்கிடும். தாகத்துக்குத் தண்ணி கேட்டா அந்தக் கிணத்துத் தண்ணிதான் வரும், ஆனா கையில ஊத்துவாங்க. அந்த வளவுக்குள்ள எட்டு வீடும் ஒரே ஆளுங்க. சின்னப் பிள்ளையில நானும் கூடப் போயிருக்கேன். முருங்கை மரத்தை வெளிய நின்னு பாத்திருக்கேன்.

அதுக்குப் பெறவு எங்க அய்யா மாஞ்சோலை எஸ்டேட்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாரு. 1929-ல சிங்கம்பட்டி ஜமீன்கிட்ட 99 வருசக் குத்தகைக்கு எடுத்து உண்டாக்கின தோட்டம். அங்க லைன் வீடு. வரிசையா ஒட்டினாப்ல வீடு, ஒரே கூரை, நடுவுல சுவரு. பக்கத்து வீட்டுக்காரன் யாருன்னு கொழுந்துக்கூடை பாக்காது. இப்போ அந்த லைனும் காலி. நாங்க கீழ இறங்கிட்டோம். எனக்குச் சொல்லிக்கிட வளவும் இல்ல, லைனும் இல்ல.

வளவுக்காரங்கன்னு வச்சீங்கன்னா நான் குழுமத்தை விட்டுப் போகமாட்டேன். ஆனா அந்தப் பேரைப் படிக்கும்போதெல்லாம் நான் வாசலுக்கு வெளிய நிப்பேன்.


கடையத்துப் பேத்தி
செவ்வாய், காலை 7.10

தம்பி, என் பதிவை நாலு தடவை திரும்பப் படிச்சேன். எட்டு வீடு, கிணறு, முருங்கை எல்லாம் எழுதினேன். வாசலுக்கு வெளிய நின்னவங்களை எழுதல. ஏன்னா உள்ள இருந்து பாத்தா அவங்க தெரியவே இல்ல. எங்க வளவுக்கும் ஒரு ஆத்தா வருவா. அவ பேரு எனக்குத் தெரியாது, முப்பது வருசத்துக்குப் பெறவு இப்பத்தான் அது உறைக்குது.

வளவுக்காரங்க வேண்டாம். நானே எடுத்துக்கிடுதேன். நீங்க எழுதுனதுக்கு நன்றி.


ஆடித்தபசு
செவ்வாய், காலை 7.45

நானும் ஓட்டை மாத்திக்கிடுதேன். தம்பி, நீ எழுதணும். மூணு வருசம் சும்மா இருந்திருக்க.


கோரைப்பாய்
செவ்வாய், மாலை 5.00

பத்தமடையிலருந்து எழுதுதேன். நாலு நாளா தறியில வேலை, இப்பத்தான் எல்லாத்தையும் படிச்சேன்.

எங்களுக்குப் பேரு வைக்குத கணக்கு தெரியும், ஏன்னா நாங்க பேரை நெய்யுத ஆளுங்க. கல்யாணப் பாயில மாப்பிள்ளை பேரும் பொண்ணு பேரும் வரணும். கோரையை ஆத்துத் தண்ணியில ஊறப்போட்டு, காயவச்சு, நாரு நாராக் கிழிச்சு, பருத்திப் பாவுல ஒவ்வொண்ணாக் கோக்கணும். ஒரு எழுத்துக்கு எத்தனை நாருன்னு கணக்கு. நீளமான பேரு வந்தா எங்க உம்மா "இந்தப் பிள்ளைக்கு வீட்டுல எப்பிடிக் கூப்பிடுவாங்க, கேட்டுச் சொல்லு"ம்பாங்க. ஜாதகத்துல இருக்க பேரைவிட வீட்டுல கூப்பிடுத பேருதான் பாயில நல்லா உக்காரும்.

நான் பள்ளிக்கூடத்துல படிக்கும்போது எங்க வீட்டுக்கு எவன் வந்தாலும் உம்மா உள்ள பாத்து ஒரே சத்தம்தான் குடுப்பாங்க: "ஏல, உன் சேக்காளி வந்திருக்கான்." எந்தத் தெரு, எந்த ஜாதி, சர்ச்சுக்குப் போறவனா கோயிலுக்குப் போறவனா, ஒண்ணும் கேக்கமாட்டாங்க. சேக்காளின்னா உள்ள வரலாம், அவ்வளவுதான். நேரா அடுப்பங்கரை வரைக்கும் வந்து பணியாரம் தின்னுட்டுப் போவான்.

லைன்வீட்டுத் தம்பி, நீரு எங்க வீட்டுக்கு வந்தாலும் அந்தச் சத்தம்தான் கேக்கும்.

சேக்காளி. இதைக் கொஞ்சம் யோசிங்க.


கருப்பந்துறை
செவ்வாய், மாலை 5.35

பாய், எனக்கு ஒரு சந்தேகம். எங்க வீட்டுல அந்த வார்த்தை ஏச்சோடதான் வரும். "அவன் சேக்காளி சரியில்ல", "சேக்காளியோட சுத்தி உருப்படாமப் போனான்". கெட்ட சகவாசம்ங்கிற அர்த்தம் வந்துராதா?


உவரிக்காத்து
செவ்வாய், மாலை 6.10

அம்மைமாரு திட்டத்தான் செய்வாங்க. கூடவே அந்தச் சேக்காளிக்கும் சேத்துத்தான் சோறு வடிப்பாங்க.

எனக்கு இந்த வார்த்தையில பிடிச்சது என்னன்னா, நானும் சொல்லலாம். "இவ என் சேக்காளி"ன்னு எங்க ஊருல பொம்பளைப் பிள்ளைகளும் சொல்லுவோம். ஆணுக்கு ஒண்ணு, பொண்ணுக்கு ஒண்ணுன்னு கிடையாது. கடக்கரையிலயும் உண்டு, தேரியிலயும் உண்டு.


பழைய வாத்தியார்
செவ்வாய், இரவு 7.30

கூட்டாளி, பங்காளி, சேக்காளி: மூன்றும் ஒரே வார்ப்பு. பங்கு உள்ளவன் பங்காளி, பிறப்பிலேயே வந்துவிடுவான், நாம் தேர்ந்தெடுக்க முடியாது. கூட்டாளி என்றால் பெரும்பாலும் தொழில் வந்து நிற்கிறது. சேக்காளியிடம் பங்கும் இல்லை, முதலும் இல்லை. சேர்ந்திருப்பது ஒன்றுதான். நாகர்கோவில் பக்கமும் புழங்கும் சொல் என்று யாராவது சொல்லக்கூடும். புழங்கட்டுமே.


ஆடித்தபசு
செவ்வாய், இரவு 8.20

எனக்கு இன்னும் மனசு தின்னவேலிக்காரங்கலதான் நிக்குது. சேக்காளியில ஊரு எங்க இருக்கு? வெளியாளு படிச்சா, யாரோ நண்பர் குழுன்னு போயிருவான்.


திருச்செந்தூர் பாசஞ்சர்
செவ்வாய், இரவு 11.40

ஆடித்தபசு அண்ணன் கேட்டதுக்குப் பதில் தேடித்தான் பழைய பதிவுகளுக்குப் போனேன். நீங்களும் போய்ப் பாருங்க, 2023 டிசம்பர் 18, திங்கக்கிழமை.

முந்தின நாளு ஆரம்பிச்ச மழை. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர். ஸ்ரீவைகுண்டம் ஸ்டேசன்ல திருச்செந்தூர் எக்ஸ்பிரஸ் அப்பிடியே நின்னு, பக்கத்து ஊரு ஜனம் பொங்கிப் போட்டுத்தான் பயணிங்க வயிறு நனைஞ்சுது. எங்க அம்மையும் அப்பாவும் வீட்டு மச்சுல. நான் சென்னையில. திங்கக்கிழமை காலையில பத்து மணியோட போன் செத்துப்போச்சு. கீழ்வீட்டுல கழுத்தளவு தண்ணின்னு சொன்னதுதான் கடைசிப் பேச்சு.

இங்கதான் வந்து எழுதினேன். என்ன எழுதினேன்னே எனக்கு ஞாபகம் இல்ல. இப்பப் பாத்தா, "யாராவது இருக்கீங்களா"ன்னு மூணு தடவை எழுதியிருக்கேன். நாலு நிமிசத்துல வந்த முதல் பதில் இது, அப்பிடியே போடுதேன்:

"சேக்காளி, பயப்படாதிய. எங்க அண்ணன் வள்ளத்தை லாரியில ஏத்துதான். வீட்டு அடையாளம் சொல்லுங்க."

எழுதினது உவரிக்காத்து. அதுக்கு நான்: "தேரடிக்கு மேக்க, மூணாவது வீடு. மொட்டைமாடிக் கம்பியில அம்மை சேப்புச் சேலை கட்டியிருக்கும்." அம்மைக்கு அப்பிடி ஒரு யோசனை வரும்னு எனக்கு எப்பிடித் தெரிஞ்சுதுன்னு கேக்காதிய, சின்ன வயசுல வெள்ளம் வந்தா அவ அதைத்தான் செய்வா. மறுநாள் மத்தியானம் அந்தச் சேலையைப் பாத்துத்தான் வள்ளம் போய் நின்னுச்சு.

கீழ தொடர்ந்து படிச்சுக்கிட்டே வந்தேன். அந்த மூணு நாளும் ஒருத்தரும் "உறுப்பினரே"ன்னு எழுதல. "சேக்காளி, ஏரல் பக்கம் போவ வழி இருக்கா?", "சேக்காளி, பால்பவுடர் இருக்கு, யாருக்கு வேணும்?", "சேக்காளி, ஆளு கிடைச்சாச்சு." ஆடித்தபசு அண்ணன், அதுல ஒண்ணு நீங்க எழுதினது.


ஆடித்தபசு
புதன், காலை 6.00

போய்ப் பாத்தேன். நான்தான் எழுதியிருக்கேன். "சேக்காளி, சங்கரன்கோவில்லருந்து அரிசி மூட்டை பத்து கிளம்பிட்டு"ன்னு. மறந்தே போச்சு.

என் சம்மதத்தை எழுதிக்கிடுங்க.


உவரிக்காத்து
புதன், காலை 6.25

அன்னிக்கு உங்க பேரு என்னன்னு எனக்குத் தெரியாது. ரயிலுப் பேரை எப்பிடிக் கூப்பிட? அதான் வாயில வந்ததைப் போட்டேன்.


பேட்டைப் பொண்ணு
புதன், பகல் 2.15

என் கூட வேலை பாக்க பிலிப்பைன்ஸ் பிள்ளைக்கு இந்த இழையைப் படிச்சு அர்த்தம் சொன்னேன். அவ சரியாச் சொல்லிட்டா, "ழ" இல்லாததனால நாக்கு புரளுது. "நானும் சேக்காளியா?"ன்னு கேட்டா. ஆமான்னு சொல்லிட்டேன், குழுமத்துக்கிட்டக் கேக்காம.


லைன்வீட்டுக்காரன்
புதன், இரவு 9.05

எனக்குச் சம்மதம். ஆத்தாகிட்டயும் சொன்னேன். அவளுக்குக் குழுமம்னா என்னன்னு புரியல. "சேக்காளிமாரு நெறைய சேந்திருக்காவ போல, வீட்டுக்குக் கூட்டிட்டு வா"ன்னா.


மேலரதவீதி (மட்டுறுத்துநர்)
ஞாயிறு, காலை 7.00

ஒரு வாரம் ஆச்சு. மறுப்பு ஒண்ணும் வரல. அறிவிப்புல இனி "சேக்காளிமாரு கவனத்துக்கு"ன்னு எழுதுதேன். ஒருத்தரை விளிக்கும்போது சேக்காளி, எல்லாரையும் சேத்துச் சொன்னா சேக்காளிமாரு. நெல்லை, தென்காசி, தூத்துக்குடின்னு முன்னால எதுவும் ஒட்டவேண்டாம்.

துணிப்பைக்கு ஆர்டர் குடுக்கணும். எத்தனை வேணும்னு கீழ எழுதுங்க.


உவரிக்காத்து
ஞாயிறு, காலை 7.30

எனக்கு மூணு. ஒண்ணு எங்க அம்மைக்கு, ஒண்ணு அண்ணனுக்கு. அண்ணன் பை கொஞ்சம் பெருசா இருக்கட்டும், மீன் வாங்கப் போவான்.


கோரைப்பாய்
ஞாயிறு, காலை 8.10

பை இருக்கட்டும். பாபநாசத்துல எல்லாரும் கூடும்போது நடுவுல விரிக்க ஒரு பாய் நெய்து கொண்டுவாரேன். உம்மா சம்மதிச்சுட்டாங்க, சாயம் அவங்க போடுதாங்க. வாத்தியார் ஐயா, எழுத்தை மட்டும் சரிபாத்துச் சொல்லிருங்க. நெய்த பெறவு மாத்த முடியாது. சேர்க்காளியா, சேக்காளியா?


பழைய வாத்தியார்
ஞாயிறு, காலை 8.25

ரகர ஒற்று வேண்டாம். நாம் சொல்லுகிறபடியே இருக்கட்டும். சே, க், கா, ளி. நான்கே எழுத்து.


கோரைப்பாய்
ஞாயிறு, காலை 8.40

நாலு எழுத்துன்னா ரெண்டு பக்கமும் கரை விட இடம் இருக்கு. "ளி"யில அந்தச் சுழிதான் கொஞ்சம் படுத்தும், அதுக்கு நாரை இன்னும் மெலுசாக் கிழிக்கணும். எழுத்துக்குச் சேப்பு, கரைக்குப் பச்சை. நாளைக்குக் காலையில கோரையை ஆத்துல ஊறப்போடுதேன்.